வசையும் விகுதியும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு பார்வை

2016 ஏப்ரலில் தேனி மாவட்டத்துக்காரர்களான இரண்டு திரைப்பட இயக்குநர்கள் ஒரு தலைப்புக்காக வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜா உசிலம்பட்டியில் படத்துக்குப் பூஜை போட்டார். வேல ராமமூர்த்தியின் நாவலைத் தாம் படமாக்கப்போவதாகப் பாலா சொன்னார். தலைப்பு 'குற்றப்பரம்பரை'. இரண்டு படமும் வரவில்லை. ஆனால் அந்த மோதலை நான் மறக்கவில்லை. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு சமூகத்தின் மீது குத்தப்பட்ட சொல், அதைச் சுமந்தவர்களின் பேரன் பேத்திகள் காலத்தில் உரிமை கோரிச் சண்டை போடும் சொத்தாகிவிட்டது. நடுவில் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துப் புரட்டியது புனைகதைதான்.

வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட நாவலில் சாதி வசையோ கெட்ட வார்த்தையோ வந்தால், எழுதியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். இந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே என் நோக்கம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றியுள்ள மதுரை, கரிசல் பகுதி எழுத்துகளையும் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அ. உமர் பாரூக்கின் 'அழநாடு' போல இந்த மண்ணின் பழைய காலத்துக்குள் போகும் நாவல்களின் சிக்கல் வேறு, அதை இங்கே தொடவில்லை.

முதலில் அந்தச் சொல்லின் கதை. குற்றப் பழங்குடிகள் சட்டம் வட இந்தியாவில் 1871-இல் பிறந்தது. 1911-இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடியில் 1914-இல் பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்து, பிறகு உசிலம்பட்டி, தேனி வட்டாரம் முழுக்கப் பரவியது. ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பத்து விரலையும் உருட்டி ரேகை கொடுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். கலியாணத்துக்குப் போனாலும் சரி, துக்கத்துக்குப் போனாலும் சரி, போய்ச் சேர்ந்த ஊரில் சீட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். ஆம்பளைகள் ராத்திரியில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்துக்கிடந்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்ற கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் செத்தவர்களில் ஒருத்தி. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது. பிறகு வந்த 'சீர்மரபினர்' என்ற பெயர் இன்றைக்கும் சான்றிதழில் இருக்கிறது.

இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உள்ளவை என்று கணிக்கப்படும் அக்கற்களில் ஒன்று கூடலூர் ஆகோளில் பட்டவனுக்கு நட்ட கல். ஆகோள் என்றால் மாடு கவர்தல். அன்றைக்கு மாடு கவரப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டினார்கள். வெட்சித் திணை என்று இலக்கணம் வகுத்தார்கள். பிற்காலத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் திருப்பித் தருவதற்கு வாங்கிய பணத்தைத் 'துப்புக்கூலி' என்றார்கள். அரசாங்கத்துக்கு அது குற்றம். இந்த இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, கள்ளர்கள் வெட்சி மறவரின் நேர் வாரிசு என்று மேடையில் முழங்குவது எளிது. நான் அதைச் சொல்லவில்லை. ஒரு செயல் புகழாவதும் குற்றமாவதும் யார் கையில் உளி இருக்கிறது, யார் கையில் பேனா இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. வரலாற்று நாவல் எழுத உட்காருகிறவர் தம் கையில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அவருக்குக் கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி பேனா பிடித்தவன் எழுதியவை. நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு 1868-இல் வந்தது. பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் 1906-இலும், தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909-இலும் வந்தன. சாதிகளுக்குக் குணம் எழுதுவது அந்தப் புத்தகங்களின் வழக்கம். இவர்கள் முரடர்கள், அவர்கள் சூதுக்காரர்கள், மற்றவர்கள் சாதுக்கள் என்று அதிகாரி தன் முகாமில் கேட்டதை எல்லாம் உண்மையாக்கி எழுதிவைத்தான். அந்த வாக்கியங்களே தமிழாக்கப்பட்டு, அடிக்குறிப்பு உதிர்ந்து, நம் கதைசொல்லிகளின் குரலில் கலந்துவிடுகின்றன. ஒரு பாத்திரம் திட்டினால் வாசகர் உஷாராகிறார். கதைசொல்லி அமைதியான நடையில், 'அவர்களின் இயல்பே அது' என்று எழுதிப் போனால் யாருக்கும் உறைப்பதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத அந்த வரிதான் ரேகைச் சட்டத்தைக் கொண்டுவந்த வரி.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இந்தச் சிக்கலோடு நேருக்கு நேர் மோதிய படைப்பு. 2008-இல் வந்தது, 2011-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், அறுநூறு ஆண்டுக் கதை. மதுரை நகரக் காவலையும் களவையும் தொழிலாகக் கொண்ட தாதனூர்க்காரர்கள் அதன் நாயகர்கள். எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக நிராகரித்தார். ஜெயமோகன் விரிவாக வரவேற்றார். என் கணக்கில் அதன் பெரிய வெற்றி, களவு என்ற சொல்லை அரசாங்கத்தின் வாயிலிருந்து பிடுங்கி ஊரின் வாயில் வைத்தது. கன்னம் வைப்பதற்கு ஒரு நுட்பம், இருட்டில் நடப்பதற்கு ஒரு பயிற்சி, பங்கு பிரிப்பதற்கு ஒரு நியாயம் என்று உள்ளிருந்து விவரிக்கும்போது, வசையாக இருந்த சொல் ஒரு வாழ்முறையின் பெயராகிறது. எனக்குள்ள மனக்குறையும் அங்கேயே இருக்கிறது. கன்னம் வைக்கப்பட்ட வீட்டுக்காரி எழுந்து பார்த்தபோது அவள் வாயில் என்ன வந்திருக்கும்? அந்த ஏச்சும் வரலாறுதான். அவ்வளவு பெரிய நாவலில் அந்தக் குரல் எனக்குப் போதுமான அளவு கேட்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கேள்வி மிக அருகில் இருக்கிறது. 1896-இல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோனார் தலைமையில் கள்ளர் காவலுக்கு எதிராக ஓர் இயக்கம் கிளம்பியது. ஊர் ஊராகப் பணம் வசூலித்து நிதி சேர்த்ததால் 'பண்டு' என்று பெயர். காவல்கூலி கொடுப்பதை நிறுத்தினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள், குடும்பங்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். அது மேற்கே பள்ளத்தாக்குக்கும் பரவியது. கம்பம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன் 2009-இல் வெளியிட்ட 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற நூலில் அந்தக் காலத்தின் தடத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார். வெளியார் வைத்த பெயரை அந்த மக்களே தங்கள் மனசின் கோணலைப் பற்றிப் பேசும் சொல்லாக எப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்ற பகுதி நாவலாசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று. பண்டு காலத்தைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கத்திலும் வசை இருக்கும். ஆடு மாடு போன கோனாரின் ஆத்திரமும், கூரை எரிந்து குழந்தையோடு ஓடியவளின் சாபமும் ஒரே தாளில் வர வேண்டும். ஒரு சாதியின் பெருமைக்காக எழுதுகிறவருக்கு அது கைகூடாது.

வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' வேறு திசையிலிருந்து வருகிறது. வைகை அணைக்காக ஊர் இழந்தவர்களின் கதை. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் பேச்சு வழக்கு உண்டு, கோபம் உண்டு, பழமொழி உண்டு, ஆனாலும் பெருவாரி வாசகர் வீட்டுக்குள் போகும் வார இதழின் வேலி ஒன்று தெரிகிறது. வார இதழ் எழுத்துக்குப் பொதுவாகவே அந்த வேலி இருந்திருக்கிறது. கெட்ட வார்த்தை வரும் இடத்தில் மூன்று புள்ளி வைப்பார்கள். வாசகர் அந்தப் புள்ளிகளைத் தன் ஊர் வார்த்தையால் நிரப்பிக்கொள்வார். அதில் எனக்கு வருத்தமில்லை. புள்ளி வைத்த அதே பக்கத்தில் ஒரு கூலிக்காரக் கிழவனைக் கதைசொல்லி 'வந்தான், போனான்' என்று எழுதியிருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

நான் சொல்லவந்த விஷயம் இதுதான். தமிழில் அவமதிப்பு வசைச் சொல்லில் மட்டும் குடியிருப்பதில்லை. வினைமுற்றின் வாலில், விளியில், நீ-நீங்களில் குடியிருக்கிறது. ஒரு பக்கத்தை இப்படிக் கற்பனை செய்துபாருங்கள். அறுபத்தைந்து வயது மாடசாமி வயலில் மடை திருப்பிவிட்டு வருகிறான். இருபத்தைந்து வயதுச் சின்ன முதலாளி வரப்பில் நிற்கிறார். மாடசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கும்பிடுறேன் சாமி" என்கிறான். சின்ன முதலாளி, "ஏ மாடா, தண்ணி கடைமடைக்குப் போயிருச்சாடா?" என்று கேட்கிறார். இதில் முதலாளி 'டா' போடுவது பாத்திரத்தின் பேச்சு. அந்தக் கால உண்மை. அதை எடுத்தால் கதை பொய்யாகிவிடும். ஆனால் மாடசாமி 'என்கிறான்' என்றும், முதலாளி 'கேட்கிறார்' என்றும் எழுதியது யார்? அது அந்தக் காலம் எழுதியதில்லை. இன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர் எழுதியது. முதலாளியோடு சேர்ந்து அவரும் ஒரு 'டா' போட்டுவிட்டார்.

இதை அச்சில் வந்த நம் புனைகதைகளில் எடுத்துப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். முற்போக்காளர்கள் எழுதியதிலும் இருக்கிறது. பண்ணையார், கர்ணம், வாத்தியார், ஐயர், பிள்ளை எல்லோருக்கும் 'ஆர்' தானாக வந்து விழுகிறது. வெட்டியான், சலவைக்காரர், தோட்டி, பண்ணையாள் வயசில் மூத்தவர்களாக இருந்தாலும் 'ஆன்' விழுகிறது. சாதிப் பட்டமே மரியாதையைச் சுமந்துவரும் பெயர்களும் உண்டு. 'பேயத்தேவர்' என்று எழுதிவிட்டால் பின்னால் 'ஆர்' போடாமல் வாக்கியமே முடியாது. பட்டம் இல்லாத பெயர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்பது இங்கே செல்லாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவரைத் திருநாளைப்போவார் என்று 'ஆர்' போட்டுத்தான் அழைத்தார். அந்தப் புராணத்தில் நந்தனாரே தம் பிறப்பை இழிவாகக் கருதுவதும் நெருப்பில் மூழ்கி எழுவதும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நிறையப் பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். ஆனால் கதைசொல்லியின் விகுதியில் மரியாதை இருந்தது. எண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஒருவருக்கு முடிந்தது நமக்கு முடியாது என்றால் காலத்தைக் குறை சொல்லக் கூடாது.

எல்லோருக்கும் 'ஆர்' போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. நாவல் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் 'ஆன்' போடுவது ஒரு வழி. முதலாளியும் வந்தான், மாடசாமியும் வந்தான். மூன்றாவது வழி ஒன்று நம் பேச்சிலேயே இருக்கிறது. தேனிப் பக்கத்தில் "அக்கா வந்துச்சு", "அப்பத்தா சொல்லுச்சு", "மாமா சாப்புட்டுச்சு" என்போம். இலக்கணப்படி அஃறிணை. காதுக்கு அது பாசமும் மரியாதையும் கலந்தது. 'ஆள்' போட்டால் ஏசுவதுபோல, 'ஆர்' போட்டால் அந்நியமாக்குவதுபோல உள்ள இடத்தில் ஊர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. வட்டார வழக்கை உரையாடலோடு நிறுத்திவிட்டு விவரிப்பைப் பாடநூல் தமிழில் எழுதும் நம் எழுத்தாளர்கள் இந்த விகுதியைக் கதைசொல்லிக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

வசைச் சொல்லைத் துணிந்து அச்சேற்றியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. சாதிப் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து அழைக்கும் கூப்பாட்டில்தான் அது தொடங்குகிறது. அப்படித் தொடங்கியதில் ஒரு காரியம் நடந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை ஒவ்வொரு நாளும் எந்தச் சத்தத்தோடு விடிகிறது என்பது முதல் வரியிலேயே வாசகரின் காதில் அறைகிறது. அதற்குப் பிறகு நாவல் முழுக்க அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சுவைத்துக்கொண்டிருப்பதில்லை. மதுரை ஜி. நாகராஜன் 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே' எழுதியபோது அதிர்ச்சி அடைந்தவர்கள் பலர். ஆனால் அந்தச் சந்துகளில் வாழ்ந்தவர்களை அவர் தீர்ப்புச் சொல்லாமல் பார்த்தார்.

நம் ஊர் ம. காமுத்துரையின் 'மில்', 'குதிப்பி' போன்ற நாவல்களில் ஆலைத் தொழிலாளியும் சமையல்காரரும் தங்கள் வேலையிடத்தின் பேச்சோடு வருகிறார்கள். கூட்டாளிகளுக்குள் புழங்கும் வசை தோளில் தட்டுவதற்குச் சமம். அதே சொல் மேஸ்திரி வாயிலிருந்து வந்தால் கூலி வெட்டுக்குச் சமம். இந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவர, யார் யாரிடம் சொன்னார்கள், கேட்டவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்ற அளவுக்காவது காட்சி இருக்க வேண்டும். தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' பார்வை இழந்த சிறுவனின் வாழ்க்கை. தெருவில் சாதாரணமாக வீசப்படும் 'குருடு' என்ற சொல் அவன் பக்கத்திலிருந்து எப்படிக் கேட்கிறது என்பதை அப்படிப்பட்ட நாவல்கள் வழியாகத்தான் அறிந்துகொள்கிறோம்.

வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் வத்திராயிருப்பு. அங்கே புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளியானபோது அவர் சொந்த ஊர் ஜனங்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். தெருப் பேச்சை அச்சில் பார்த்தபோது, நம் அசிங்கத்தை ஊரறியக் காட்டிவிட்டாளே என்ற வருத்தம். பின்னால் அந்த ஊரே புத்தகத்தைப் புரிந்துகொண்டு ஏற்றுக்கொண்டது. 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' தலித்துகளுக்குள்ளேயே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வசைபடுகிறவர்களுக்குக் கீழேயும் வசைபடுகிற ஒரு புதிரை வண்ணார் குடும்பம் இருக்கிறது என்று அது காட்டியதைச் சிலரால் ஏற்க முடியவில்லை. இந்த இரண்டு எதிர்ப்பையும் சாதிப் பெருமைக்காரர்களின் எதிர்ப்போடு சேர்த்துக் கட்டக் கூடாது. காயம்பட்டவர்கள் தங்கள் காயத்தை யார் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

பெண்களைக் குறிவைக்கும் வசைகள் தனி வரலாறு. கோயில் கல்வெட்டுகளில் நிவந்தம் கொடுத்தவர்களாக நிற்கும் தேவரடியாரின் பெயர் இன்றைக்குத் தெருச் சண்டையின் முதல் கல். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வந்து, 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதினார். தலைப்பே அன்றைய வசையைத்தான் சுமந்து நின்றது. ஆனால் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய ஒருத்தி கையில் அந்தச் சொல் ஆயுதம். 1947-இல் சட்டம் வந்தது. வழக்கம் ஒழிந்தது, வசை ஒழியவில்லை. 2017 நவம்பரில் பாலாவின் 'நாச்சியார்' முன்னோட்டத்தில் பெண் போலீஸ் அதிகாரியாக நடித்த ஜோதிகா அந்த வசையைச் சொன்னதும் பெரிய கூச்சல் எழுந்தது. எத்தனையோ ஆண் பாத்திரங்கள் திரையில் பெண்களை இழித்துப் பேசியபோது வராத கூச்சல் அது.

வசையைக் கொடுக்கும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் ஒரே நாளில் நிற்கும் அனுபவம் இந்தப் பள்ளத்தாக்குக்கு உண்டு. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். குமுளிக்கு மேலேயும் போடிமெட்டுக்கு அப்பாலும் கேரளத்து ஏலத் தோட்டங்களில் வேலை. அங்கே அவர்களுக்குப் பெயர் 'பாண்டி'. பாண்டிய நாட்டின் பெயர் ஒரு மலையேறியதும் திட்டாகிவிடுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது, தோட்டங்களிலிருந்து பயந்து இறங்கிவந்தவர்களின் காதில் அந்தச் சொல்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. காய் எடுக்கப் போகும் ஓர் அக்கா என்னிடம் சொன்னது: "பேரு வச்சுக் கூப்புட்டா நாள் பூரா வேலை பாத்துருவேன் தம்பி. பாண்டின்னு சொன்னா கை ஓடாது." அதே ஜீப்பில் யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் தொங்கிக்கொண்டு வருவது என்பதில் சாதி இருப்பதையும் அந்த அக்காவே சொன்னார். மலையில் பட்ட சொல்லும் ஊரில் சொல்லும் சொல்லும் ஒரே நாவலுக்குள் வந்து நான் இன்னும் படிக்கவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது அதன்படிக் குற்றம். திட்டுவதும், திட்டப்பட்டதைக் கதையில் பதிவுசெய்வதும் ஒன்றல்ல. அதை நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும், கூட்டம் பிரித்துப் பார்க்காது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. அங்கே பிரச்சினை கெட்ட வார்த்தை இல்லை. விடுதலைக்கு முந்திய காலத்தில், பிள்ளையில்லாத பெண் தேர்த் திருவிழாவில் முகம் தெரியாத ஒருவரோடு சேரும் வழக்கம் இருந்ததாக எழுதியது. ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் நிஜமாக இருந்ததால், என் பாட்டியைச் சொல்கிறாயா என்று ஊரில் கேட்டார்கள். அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை நீக்கிவிடுகிறேன் என்று அவர் சொல்லியும் அடங்கவில்லை. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிடிக்காதவர் படிக்காமல் இருக்கலாம், எழுதாதே என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 'காவல் கோட்டம்' கீழக்குயில்குடியைத் தாதனூர் ஆக்கிய முடிவையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கற்பனைப் பெயர் ஒரு கவசம். எத்தனையோ அவமானங்கள் நிஜமான ஊர்ப் பெயரோடு பதிவாக வேண்டியவை என்பதால் அந்தக் கவசத்தை எப்போதும் போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது.

பழைய புத்தகங்களைத் திருத்தலாமா என்ற விவாதம் வெளிநாட்டில் பலமாக நடக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பர்களைக் குறிக்கும் வசையை எல்லாம் எடுத்துவிட்டு 'அடிமை' என்று மாற்றி அச்சிட்டது. 2023-இல் ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளிலும் கை வைத்தார்கள். நம்மிடம் இந்தக் கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்கான குறியீடாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அரசு செய்தது சரி. தபால் விலாசத்தில் ஒருவர் தன் சாதியை எழுதிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஆனால் நம் நாவல்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் 'காலனி' இருக்கிறது. அதை நீக்கினால், ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் அந்த வீடுகளை ஏன் கட்டினார்கள், பஸ் ஏன் அங்கே நிற்காமல் போனது என்பதெல்லாம் அடுத்த தலைமுறைக்குப் புரியாது. விலாசத்திலிருந்து போகட்டும், கதையில் இருக்கட்டும்.

'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பெயர் இன்னும் சிக்கலானது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பெயரில் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கப் பரிந்துரைத்தபோது இந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. சாதிப் பெருமை அதில் ஒரு பகுதி, மறுக்க முடியாது. பெருங்காமநல்லூரில் சிந்திய ரத்தத்துக்குப் பிறகு கிடைத்த பள்ளி என்ற நினைவும் அதில் இருக்கிறது. இன்னொரு பக்கம், அதே வகுப்பறையில் உட்கார்ந்து படித்த அருந்ததியர் பையன் தன் பள்ளியின் பெயரை ஒவ்வொரு சான்றிதழிலும் எப்படி வாசித்திருப்பான்? மூன்றையும் ஒரே மனத்தில் வைத்து யோசிக்க அரசாணைக்கு இடமில்லை. நாவலுக்கு இருக்கிறது.

அந்த நாவல் வர வேண்டுமானால் செய்ய வேண்டிய வேலை கண்முன்னே கிடக்கிறது. ராதாரிச் சீட்டு வாங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். கடமலைக்குண்டு, சின்னமனூர், கூடலூர்ப் பக்கத்து அருந்ததியர், பள்ளர், பறையர் தெருக்களில் அதே வயசுக்காரர்கள் காவல்காரர்களிடம் வாங்கிய சொல்லையும் முதலாளிகளிடம் வாங்கிய சொல்லையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ரேகைச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கள்ளர் தெருவில் மட்டும் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு தெருவிலும் உட்கார வேண்டும். பெரியவர் சொல்லும் வசையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னவரின் பெயரையும் கேட்டவரின் பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து கதையாக எழுதும்போது, அந்தப் பெரியவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும், 'சொன்னார்' என்று எழுத வேண்டும்.